காயாத வார்னிஷ்

“இன்னும் காயலீங்க. பனி விழுதில்ல” என்றான் அர்த்தனாரி, கிடாரை அவள் கைக்கு எட்டாமல் பின்னால் தள்ளி வைத்தபடி.

மேனகாவின் முகம் வாடவில்லை. “பரவால்லீங்க. அவரு கப்பல்ல இருந்து வாரதுக்குள்ள ஆச்சுன்னாப் போதும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

செம்மேட்டில் கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடுகிறவன் அர்த்தனாரி. மனைவி இறந்தபிறகு கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. மேனகா மாற்றலில் மலைக்கு வந்த தபால் ஆபீஸ்காரி. தனியாள் என்று வீடு தர யோசித்தவரிடம், கப்பலில் இருக்கும் கணவனைச் சொல்லித்தான் சாவி வாங்கினாளாம்.

ஒரு மழை நாளில் இந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பில் கண்ணாடி போல மின்னும் மலிவு கிடார்.

“அவருக்கு இந்த மினுமினுப்பே ஆகாதுங்க. பூராத்தையும் எடுத்துட்டு, மரம் மரமாவே தெரியறாப்புல பண்ணிக் குடுங்க.”

அர்த்தனாரி கம்பிகளைக் கழற்றி, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். கறுப்பு சேறாய் வழிந்து, அடியில் வெளிறிய மரம் தெரிந்தது. கழுத்தில் விரல் பட்ட தடமில்லை. எங்கும் ஒரு கீறலில்லை. எத்தனை பதனமாக வைத்திருக்கிறார் மனிதர் என்று, முகம் தெரியாத அந்தக் கணவன்மேல் பொறாமை வந்தது.

மினுங்காத வார்னிஷ் பூசி, வேலை எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னால் அவள் வரமாட்டாள். ஆபீஸ் விட்டு வந்து, டீ குடித்துக்கொண்டே வராத பஸ்ஸைப் பற்றியும் மிளகுக்கொடியைப் பற்றியும் அவள் பேசும் சாயங்காலத்துக்காகவே அவன் பகலைத் தள்ளினான். அவள் போனதும் கடை முன்னைவிட வெறிச்சென்று கிடக்கும்.

அன்றைக்கு அவள் தன் டம்ளரோடு அவன் டம்ளரையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்குச் சுருக்கென்றது. இன்னொருவர் மனைவி.

எழுந்துபோய்க் கிடாரை எடுத்து வந்து அவளிடம் நீட்டினான். “இது எப்பவோ காஞ்சிருச்சுங்க. நாந்தான் பொய் சொல்லீட்டு இருந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க. எடுத்துட்டுப் போயிருங்க.”

“தெரியுமுங்க. அன்னிக்கு நீங்க டீ வாங்கப் போனப்பவே தொட்டுப் பாத்துட்டேன்.”

அவனுக்குப் புரியவில்லை. “அப்புறம் ஏனுங்க ஒண்ணும் கேக்கல? பாவம், அவரு வந்து கேட்டா…”

மேனகா பொலிவில்லாத அந்த மரத்தின்மேல் மெல்ல உள்ளங்கையை ஓட்டினாள். கிடாரை வாங்கிக்கொள்ளவில்லை.

“அவருன்னு யாருமில்லீங்க.”