குறுக்கே படுத்தவர்

குளியலறை வாசலில் சௌந்திரத்தின் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து எந்த வாசலுக்கு வந்தாலும் இப்படித்தான். குறுக்கே எதையாவது போட்டால் அதைத் தாண்டக் கால் தானாக எழும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். கணவர் தணிகாசலம் கைத்தடியைப் போட்டுப் பார்த்தார். துண்டைச் சுருட்டிப் போட்டார். கால் எழவில்லை. "என்னங்க, அடக்க முடியலைங்க" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அவர் சட்டென்று நிலைப்படியை ஒட்டி அவளுக்குக் குறுக்கே தானே மல்லாந்து படுத்தார். "தாண்டு." "உங்களையா? பாவங்க அது." டிவி பார்க்கும்போது அவர் நீட்டியிருக்கும் காலைக்கூடத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிறவள் அவள். "பாவமெல்லாம் என் தலையில இருக்கட்டும், தாண்டுடி!" என்று கத்தினார். வலது பாதம் எழுந்தது. அவர் மார்புக்கு மேலே கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டு அந்தப் பக்கம் ஊன்றியது. இடது பாதமும் அவர் தோளை உரசிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியது. "அப்படியே நேராப் போ. திரும்பாத, விழுந்துடுவ." "கால் பட்டுடுச்சுங்க" என்றாள் அவள். யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவள் கைக்குப் பழகிப்போனது. ஈரத் தரையில் திரும்பினாள். பாதி திரும்பியதும் பாதங்கள் மறுபடியும் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் குனிந்துகொண்டே வந்தது. படுத்தபடியே அவர் இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். அவள் விரல்கள் நடுங்கியபடி அவர் தோளைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தன.