ஜன்னல் பக்க நாற்காலி

ஜன்னலுக்கு முதுகு காட்டும் நாற்காலியை வக்கீலம்மா இன்றைக்கு முந்திக்கொண்டு பிடித்துவிட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எந்தச் சமரசப் பேச்சுக்குப் போனாலும் அந்த இடத்தில்தான் உட்காருவார். வெளிச்சம் அவர் முதுகில் விழும், எதிராளியின் மூஞ்சியில் அடிக்கும். பேரம் தெரிந்த மனுஷன்.

உள்ளே வந்தவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே ஒரு காயை வெட்டிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு மௌனச்சாமி என்று பெயர். நீங்கள் ஒரு பேச்சு சொல்வீர்கள். அவர் வாயைத் திறக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் உங்கள் வாயே உங்கள் விலையைக் குறைத்துவிடும்.

அவரிடம் ஜூனியராகச் சேருகிறவன் மீசையை எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது இன்னொரு கூத்து. ஒழுங்கு என்பார்கள் சிலர். அவருக்குச் சரியாக முளைக்காத வயிற்றெரிச்சல் என்பார்கள் மீசையை இழந்தவர்கள்.

அவளுடைய நிறுவனத்தில் புது வக்கீல்களுக்கு நடத்தும் முதல் பாடமே அவரைப் பார்த்துப் படித்ததுதான். பேரத்தில் முதலில் இறங்கிப் பேசியவர் தோற்றவர். அந்தப் பாடத்தை நடத்துவது சாட்சாத் வக்கீலம்மாவேதான்.

பக்கத்தில் அவளுடைய கட்சிக்காரி, சலவைக்கடைக்காரி. தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பெரிய பெரிய இயந்திரங்கள் வைத்திருப்பவள். கட்டடத்துக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். இடம் போவது போவதுதான், எப்போது என்பதுதான் பேச்சு. மூன்று வருஷம் கிடைத்தால் வேறு இடம் பிடித்து, வாடிக்கையை மெதுவாக நகர்த்திக்கொண்டு போய்விடலாம். ஒரு வருஷம் என்றால் பாதி இயந்திரம் பழைய இரும்புக்கு.

“ஒரு வருஷத்துக்குக் கீழ மட்டும் எறங்கிடாதீங்க மேடம்” என்று காலையில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சலவைக்கடைக்காரி எழுந்து விளக்கைப் போட்டாள்.

வக்கீலம்மாவும் எழுந்தாள். வாங்க வந்த சரக்கை விட்டுவிட்டுத் தெருவை வேடிக்கை பார்க்கிறவளைப் போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“மூணு வருஷம் குடுங்க சார், வழக்கை இன்னைக்கே முடிச்சிக்கலாம்” என்று மழையிடம் சொன்னாள்.

பதில் இல்லை.

முதுகுக்குப் பின்னால் அந்தப் பேர்போன மௌனம். பாடம் நடத்துகிறவள் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மழை மட்டும் பேசியது.

“சரி, ரெண்டு.”

ம்ஹும்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. தன் சரக்கைத் தானே ஏலம் விட்டு, தானே விலையை இறக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. தெரிந்து என்ன, வாய் நிற்கவில்லை.

“ஒரு வருஷம். இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”

தொண்டை வறண்டுபோன சலவைக்கடைக்காரி, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மேசைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் கையிலிருந்து ஸ்டீல் ஜக் நழுவியது. அது விழுந்த சத்தத்தில் வராந்தாவில் நின்ற யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வக்கீலம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மௌனச்சாமி ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இமைகூட அசையவில்லை. தண்ணீர் ஓடிவந்து செருப்பை நனைத்த பிறகுதான் என்னவென்று குனிந்து பார்த்தார்.

வெளிச்சம். நாற்காலி. மீசை. எல்லாம் எதிராளியின் உதட்டுக்காக.

“மேடம், இவருக்குக் காது...” என்று ஆரம்பித்த சலவைக்கடைக்காரியை அவள் கண்ணாலேயே அடக்கினாள். அந்த ஒரு வார்த்தை இந்த அறையைத் தாண்டினால் மனுஷனின் தொழில் அன்றோடு சரி.

நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கு அங்க முதுகு குளிருது சார். இடம் மாத்திக்கலாமா?”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் விளக்கு வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து எதிரே உட்கார்ந்தாள். நிதானமாக, வாய் நிறைய, முதலிலிருந்து சொன்னாள்.

“மூணு வருஷம்.”

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சலவைக்கடைக்காரியின் கை அப்படியே நின்றது.

“சரி” என்றார் அவர், சட்டென்று. “மூணு வரைக்கும் போகலாம்னு என் கட்சிக்காரர் காலையிலயே சொல்லிட்டாரு.”

கையெழுத்தாயிற்று. சலவைக்கடைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். வக்கீலம்மாவுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, ஒரு வருஷம் என்று இறங்கியது அவர் காதில் விழாமல் போனதில் வாயெல்லாம் பல்லாகவும் இருந்தது.

அவர் குடையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வெளிய இருட்டி, உள்ள விளக்கு எரிஞ்சா, ஜன்னல் நல்ல கண்ணாடிம்மா.”

போய்விட்டார்.

அவள் மெதுவாக ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். மழையைக் காணோம், தெருவைக் காணோம். அவள் முகம் மட்டும் இருந்தது.

சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். ஒரு வருஷம்.

எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.