பெரிய டாக்டரின் பெரிய மனசு

"வாயைத் திறங்கக்கா!"

பதிலுக்குக் காத்திராமல் மெஷின் அக்காவின் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தார் கூண்டுக்காரர். "எல்லாம் தம்பி வந்த நேரம். கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கப்புறம் வீட்டுக்காரிக்கு இப்பத்தான் தள்ளிப் போயிருக்கு."

அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கும் நாய்களுக்கும் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவர் கூண்டுக்காரர். சிறுநீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் இயந்திரத்தைக் கட்டி மேய்க்கிறவள் மெஷின் அக்கா. தம்பி என்பது நாய்.

தம்பியின் பிடரியில் தினமும் ஆண் ஹார்மோன் களிம்பு தடவ வேண்டும். அது தோல் வழியாக உள்ளே இறங்கும். ஈரல் அதை உடைக்கும். உடைந்த துண்டுகள் சிறுநீரோடு வெளியே வரும். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி முடிந்த மற்ற நாய்களுக்கு ஊசி போட்டுக் கதையை முடித்த அன்று, தம்பியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கூண்டுக்காரர் விக்கி விக்கி அழுதார். யாருக்கும் இளகாத பெரிய டாக்டரே இளகிப் போனார்.

"வீட்டுல யார்யா இருக்கா?"

"நானும் அவளும்தான் ஐயா. பகல் பூரா அவ தனியாத்தான் கிடப்பா."

"அப்ப சரி, கொண்டு போ. களிம்பை மட்டும் விட்டுடாதே. தடவும்போது நீ கையுறை போட்டுக்க. வாராவாரம் நாயோட சிறுநீரை ஒரு பாட்டில்ல கொண்டா."

அதே நாயை முதலில் கேட்டவர் வேன் டிரைவர். அவர் ஒண்டிக்கட்டை. "பூட்டின வீட்டுல நாயை வச்சு என்னய்யா பண்ணப் போற?" என்று அவரை டாக்டர் விரட்டிவிட்டிருந்தார். நாய்க்குத் துணை வேண்டும் என்றுகூட யோசிக்கிறாரே மனுஷன், கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்று மெஷின் அக்கா அப்போது நினைத்துக்கொண்டாள்.

"எந்நேரமும் அவ மடியிலதான் கிடக்குறான் அக்கா. ராத்திரி அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குறா. கட்டில்ல எனக்கு இடமே இல்லை."

"அப்புறம் எப்படிண்ணே தள்ளிப் போச்சு?"

"போங்கக்கா!" கூண்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "குரல்கூடக் கட்டிப் போச்சு, ஆம்பள மாதிரி அதட்டுறா. பையன்தான்னு பக்கத்து வீட்டம்மா அடிச்சுச் சொல்லுது. இப்பவே அவ சின்னதா ஒரு சட்டை தைச்சு வச்சிருக்கான்னா பாத்துக்குங்களேன்!"

பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது தம்பியோடது. இது அவளோடது. ஐயாகிட்ட சேதி சொன்னதும், 'வெளியில எதுக்குய்யா செலவு பண்ற, இங்கயே பாத்துடலாம், கொண்டா'ன்னுட்டாரு. என்ன மனசுக்கா அவருக்கு!"

கூண்டுக்காரர் போனதும் முதல் வேலையாக, கரு இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையை அந்த அம்மாவின் பாட்டிலில் நனைத்தாள் மெஷின் அக்கா. ஒரே கோடுதான் விழுந்தது. வேறொரு பட்டையை நனைத்தாள். அதிலும் ஒரே கோடு.

பின் எதனால் நின்றது? மனசு கேட்காமல் அந்தச் சிறுநீரையும் இயந்திரத்தில் ஏற்றினாள். திரையில் மலை மாதிரி எழும்பியது கோடு. நாயின் பாட்டிலை மாற்றி வைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒட்டியிருந்த சீட்டைச் சரிபார்த்து மறுபடியும் ஏற்றினாள். அதே மலை. ஆண் ஹார்மோன் உடைந்த துண்டுகள், போன வாரம் தம்பியின் பாட்டிலில் இருந்ததைவிட அதிகமாக.

களிம்பு தடவுகிறவருக்குக் கையுறை கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு தூங்குகிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரிய டாக்டரின் அறைக்கு ஓடினாள். "சார், பெரிய தப்பு நடந்து போச்சு. அந்தம்மா கர்ப்பமே இல்லை. நாய் மேல தடவுன களிம்பு அவங்க உடம்புல ஏறியிருக்கு. மாசமாசம் வர்றது நின்னதும் அதனாலதான், குரல் உடைஞ்சதும் அதனாலதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாயைவிட அதிகமா?"

"அதிகம் சார். இப்பவே களிம்பை நிறுத்தணும். நாயைக் குளிப்பாட்டணும். அந்தம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இன்னும் போனா குரல் திரும்பி வராது சார். குழந்தைங்கற பேச்சுக்கே வழியில்லாமப் போயிடும்."

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "பாவம், சட்டையெல்லாம் தைச்சு வச்சிருக்காங்களாமே. நீ எதுவும் சொல்லிடாதேம்மா. அவரை வரச் சொல்லு, நானே சொல்றேன்."

மெஷின் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடி மாதிரி இறங்கப்போகிற சேதியை இவர் சொன்னால் கொஞ்சம் இதமாகவாவது சொல்வார்.

கூண்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "ஐயா... நல்ல சேதிதானுங்களே?"

மெஷின் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"சந்தேகமே இல்லைய்யா, நீ அப்பாவாகப் போற. இனிமே வாராவாரம் ரெண்டு பாட்டிலையும் கொண்டா."