இளவரசிக்கு வேண்டாத மொழிபெயர்ப்பு

உதயகுமாரி தமிழில் சொல்லிக்கொண்டு போனார். தர்மினி அதை நோர்வேஜிய மொழியில் இளவரசிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒஸ்லோவில், ரொம்மன் மண்டபத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

இந்த வட்டத்தைப் பல வருடங்களாகக் கூட்டி வருபவர் இளவரசி தோரா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லோரையும் போல ஒரு மடக்கு நாற்காலியில் இருந்து, சற்றே முன்னால் குனிந்து கேட்பார். அதிகம் பேச மாட்டார்.

போன குளிர்காலத்தில் பள்ளிவாசல் கண்ணாடியை யாரோ உடைத்தபோது, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும்வரை வாசலில் காவல் நின்றது இந்த வட்டத்து ஆட்கள்தான். பனியில் அவர்களோடு இளவரசியும் நின்றார். அதனால் அவர் கூப்பிட்டால் ஒருவரும் மறுப்பதில்லை.

கோயில் சார்பில் வந்திருந்த உதயகுமாரி, யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் சனமெல்லாம் வெளிக்கிட்ட கதையைச் சொன்னார். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. நெரிசலில் அம்மாவின் கை விடுபட்டுப் போனது. பிறகு அந்தக் கையை அவர் பிடிக்கவேயில்லை.

தர்மினி கடைசி வசனத்தையும் சொல்லி முடித்தாள்.

எதிரே இருந்த ஜெஸீமா தலைத்துணியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் பெண்கள் குழுவிலிருந்து ஒழுங்காக வருபவர். எப்போதும் நோர்வேஜிய மொழியில்தான் பேசுவார். பாகிஸ்தானாக இருக்கும், அல்லது இந்தியாவாக இருக்கும் என்று கோயில் ஆட்கள் நினைத்திருந்தார்கள்.

இளவரசி அவர் பக்கம் திரும்பினார்.

“ஜெஸீமா, விருப்பமென்றால் நீங்களும் சொல்லலாம். எந்த மொழியிலும் சொல்லலாம்.”

ஜெஸீமா தலைத்துணியை விரலிலிருந்து விட்டார். பிறகு இளவரசியைப் பார்க்காமல் உதயகுமாரியைப் பார்த்தார்.

“நாங்களும் யாழ்ப்பாணம்தான் அக்கா. சோனகத் தெரு. நீங்கள் வெளிக்கிட்டதுக்கு அஞ்சு வருசம் முந்தி இயக்கப் பெடியள் வந்து முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிடச் சொன்னவை.”

ஜெஸீமா பேசியது தமிழ். பழக்கத்தில் தர்மினியின் வாய் திறந்தது. நோர்வேஜிய மொழியில் இரண்டு சொல் சொல்வதற்குள் இளவரசி மெதுவாகக் கையை உயர்த்தினார்.

“எனக்காக வேண்டாம், தர்மினி. இது எனக்குச் சொல்வதல்ல.”

வைத்தியசாலை, நீதிமன்றம், பாடசாலை என்று எங்கெல்லாமோ தர்மினி மொழிபெயர்த்திருக்கிறாள். தனக்கு விளங்காமல் இருக்கட்டும் என்று சொன்ன ஒருவரை அன்றுதான் கண்டாள்.

“இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை தமிழ் கதைக்கேல்லை?” என்று உதயகுமாரி கேட்டார்.

“வெளிக்கிடச் சொன்னவை தமிழிலைதானே சொன்னவை.”

கோயில் ஆட்கள் இருந்த பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இந்திரகுமார் எழுந்துவிட்டார். கோயில் நிர்வாகசபையில் இருப்பவர்.

“இந்தக் கதையெல்லாம் இப்ப இஞ்சை என்னத்துக்கு?”

இளவரசிக்கு அந்தச் சொற்கள் விளங்கியிருக்காது. முகம் விளங்கியிருக்கும். அவர் உதயகுமாரியைப் பார்த்தார். இனி நடப்பது அந்த ஒருவரின் கையில்தான் இருந்தது.

உதயகுமாரி எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வட்டத்தைக் கடந்து போய் ஜெஸீமாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

“இருங்கோ இந்திரகுமார் அண்ணை. என்ரை கதையைக் கேட்டனீங்கள்தானே. இதையும் கேப்பம்.”

பிறகு ஜெஸீமாவின் கையைப் பிடித்தார். “சொல்லு பிள்ளை.”

ஜெஸீமா சொன்னார். முதலில் சொற்கள் தடக்கின. போகப்போக அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ் வந்தது. இடையில் இருவரும் அழுதார்கள். ஓரிடத்தில், சோனகத் தெருத் தையல்காரர் ஒருவரின் பெயர் வந்தபோது, இருவரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். இந்திரகுமார் எப்போது திரும்ப இருந்தார் என்று தர்மினி கவனிக்கவில்லை.

அவ்வளவு நேரமும் இளவரசி ஒரு சொல்லும் விளங்காமல், மடியில் கைகளைக் கோர்த்தபடி, அசையாமல் இருந்தார். செயலாளர் வந்து அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று காதோரம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பத்திரிகையாளர் அவரிடம் ஓடி வந்தார். “அவர்கள் என்ன பேசினார்கள்?”

“எனக்குத் தெரியாது” என்றார் இளவரசி. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

வெளியே தர்மினி குளிர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உதயகுமாரி தொலைபேசியில் தன் வைத்தியசாலைப் பிரிவோடு பேசிக்கொண்டிருந்தார். மாலை வேலைக்குச் சற்றுப் பிந்தி வருவதாகச் சொன்னார். ஒரு நோயாளியின் மருந்தை மாற்றச் சொன்னார். ஏதோ பகிடியும் விட்டார். எல்லாம் நோர்வேஜிய மொழியில். தங்குதடையில்லாமல், ஒஸ்லோவில் பிறந்த தர்மினியைவிடக் கொஞ்சம் நேர்த்தியாக.

தர்மினி திகைத்து நின்றாள்.

“அக்கா, உங்களுக்கு நொஸ்க் இவ்வளவு நல்லா வருது. பிறகேன் என்னைக் கூப்பிட்டவை?”

உதயகுமாரி தொலைபேசியைப் பைக்குள் வைத்தார்.

“இளவரசிதான் போன கிழமை என்னோடை கதைச்சவ. கூட்டத்திலை தயவுசெய்து தமிழிலை சொல்லுவீங்களோ, மொழிபெயர்க்க நான் ஆள் வைக்கிறன் எண்டு கேட்டவ. ஏனெண்டு சொல்லேல்லை.”

அவர் திரும்பி, கதவடியில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ஜெஸீமாவைப் பார்த்தார்.

“பிள்ளை எந்த ஊர் எண்டு அவவுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. எனக்கு இப்பதான் விளங்குது.”