மணிக்கட்டில் ஒரு பாதம்

"நில்லுங்கன்னா நில்லுங்க! கடிகாரம் அதிருது."

"அதிரட்டும். அதுக்கு வேற என்ன வேலை?"

"இடது கால்ல என்னமோ உறுத்துது உங்களுக்கு..."

"என் கால்ல உறுத்தினா எனக்குத் தெரியாதா கோமளா?"

தெரியாது. அதுதான் கோமளாவின் பயம். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதங்கள் தணிகாசலத்துக்கு. போன வருஷம் ஷூவுக்குள் விழுந்த சல்லிக்கல்லோடு நாள் முழுக்க நடந்து சுண்டுவிரலைப் பறிகொடுத்தவர். அதற்காகவே மகள் இந்தக் கறுப்புக் காலுறைகளை அனுப்பியிருந்தாள். பாதத்தில் எங்காவது அழுத்தம் கூடினால் கூடவே வந்த கடிகாரம் அதிரும். கொசு கடிக்கிற மாதிரி இருக்கிறதென்று அவர் அதைக் கழற்றி மனைவியின் கையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் பாதம் அவளுடைய மணிக்கட்டில் இருந்தது.

மொட்டைமாடியில் காலையில் அவள் அரிசிமாவால் இழுத்துவிட்ட எட்டுக் கோலத்தின் மேல் அவர் செருப்பில்லாமல், வெறும் காலுறையோடு சுற்றிச் சுற்றி நடந்தார்.

"நேத்தும் இப்படித்தான் கத்தினே. கழட்டிப் பார்த்தா காலுறை மடிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

"இன்னைக்கும் கழட்டிப் பாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நடக்கலேன்னா நட நடங்கறே. நடந்தா நில்லுங்கறே."

எட்டின் வளைவில் அவர் திரும்பும்போதெல்லாம் கடிகாரம் துடித்தது. பிறகு விடாமல் துடித்தது. வடகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுவதற்குள் அவர் தானாகவே நின்றார். குனிந்து தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, எட்டுக்குக் காவியும் இட்டிருக்கியே! நான் நடக்க ஆரம்பிச்சப்ப வெறும் வெள்ளையாத்தானே இருந்துச்சு. எப்ப இட்டே கோமளா?"