மூன்றாம் முறை

திரைப்படக் கல்லூரி விண்ணப்பத்தோடு ஒரே ஒரு குறும்படம்தான் அனுப்பலாம். சகாயராணி இரண்டு எடுத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் எடுத்ததைப் பார்த்து முடித்துவிட்டு, தங்கை பெனிட்டா குளத்தில் மூழ்குகிற படத்தைப் போட்டாள். பெனிட்டாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் அவள் கை இரண்டு முறை தண்ணீருக்கு மேலே வந்து விரிந்தது. மூன்றாம் முறை வரவில்லை. கேமரா கொஞ்சமும் அசையவில்லை. ஆடு மேய்க்க வந்தவர் குதித்து அவளைத் தூக்கியதை சகாயராணி வெட்டியிருந்தாள்.

"இதையே அனுப்புக்கா."

"அருமையா நடிச்சிருக்கே."

"நடிக்கலன்னு உனக்கு அப்பவே தெரியும்ல."

சகாயராணி அந்தப் படத்தையே அனுப்பினாள். இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, பெனிட்டா அக்காவின் கேமராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த படத்துல நீ நடிக்கணும்க்கா," என்றாள். "நான் எடுக்கிறேன்."