முதல் பட்டதாரி

"டி.சி. எங்கக்கா?"

"ஊட்லயே படிச்ச பொண்ணுக்கு எவன் டி.சி. குடுப்பான்?" திலகவதி மேசையை ஓங்கித் தட்டினாள்.

கும்மிடிப்பூண்டி இ-சேவை மையத்தில் நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! பூமிகா ஆறாவது படிக்கும்போது வகுப்பில் வலிப்பு வந்தது. "மத்த பிள்ளைங்க பயப்படுதுங்க, இனிமே அனுப்பாதீங்க" என்று கைகழுவிவிட்டது அந்தப் பள்ளிக்கூடம். அதன்பிறகு பெண் வீட்டில் உட்கார்ந்தே படித்தாள். திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதி, ப்ளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். இப்போது டி.சி. வேண்டுமாம், டி.சி.!

"கோச்சுக்காதீங்கக்கா. மைக்ரேஷன் சர்டிபிகேட் குடுத்திருப்பாங்க இல்ல? அதையே ஏத்திடலாம்," என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கல்பனா. "அடுத்து, முதல் பட்டதாரி சான்றிதழ். இது இருந்தாத்தான் இன்ஜினியரிங் காலேஜ்ல பீஸ் சலுகை. குடும்பத்துல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?"

"நல்லா கேட்ட போ! நான் பத்தாவது. தோ நிக்குதே இந்த ஆளு, எட்டாவது பெயிலு."

அவள் காட்டியது புருஷன் சின்னதுரையை. இரும்பு உருக்கும் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, நேராக இங்கே வந்திருந்தான். சட்டையெல்லாம் கரி.

"அப்ப சுலபம். யாரும் டிகிரி முடிக்கலன்னு இந்த உறுதிமொழில ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பொய்யின்னு தெரிஞ்சா மட்டும் பின்னாடி சீட்டே போயிடும், பார்த்துக்கங்க."

திலகவதி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புருஷனிடம் நீட்டினாள்.

"நான் போடல," என்றான் அவன்.

"இன்னாது?"

"வேணாம் திலகா. பீஸுக்கு வேற வழி பார்க்கலாம்."

"அண்ணா, ஒரு கையெழுத்துதானே?" என்றாள் கல்பனா. அவன் தாளைத் தள்ளி வைத்தான்.

திலகவதிக்குக் கோபம் தலைக்கேறியது. இடம் பொருள் எல்லாம் மறந்துபோனது.

"இன்னா வழி வச்சிருக்க நீ? காலைல போனா ராத்திரி வரைக்கும் கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கிறேன். நீ பகலெல்லாம் ஊட்ல தூங்கிக்கினு கெடக்குற. எம் பொண்ணு தானா போனைப் பார்த்து, தானா புக்கைப் பொரட்டிப் படிச்சா. ஒரு நாளு, இன்னாம்மா படிக்கிறன்னு கேட்டிருப்பியா? இப்ப ஒரு கையெழுத்துப் போடக்கூட கை வலிக்குதா? இந்தச் சலுகை இல்லன்னா அவ காலேஜ் வாசப்படிய மிதிக்க முடியாதுய்யா! உன்ன மாரியே அவளும் தற்குறியா நிக்கணுமா?"

"நிறுத்தும்மா!" என்றாள் பக்கத்தில் நின்ற பூமிகா.

"நீ சும்மா இருடி! நாதியில்லாம வேல தேடி வந்தவனாச்சேன்னு பாவம் பார்த்து, எங்கண்ணன் கான்ட்ராக்ட்ல சேர்த்துக்கினான். அப்பால என்னையும் கட்டி வச்சான். எட்டாங்கிளாஸ் பெயிலுக்குப் போய்க் கழுத்த நீட்டினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூமிகாவுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து அழுகையாக வந்தது.

"நான் ஒண்ணும் தானா படிக்கல! நைனா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சின்னதுரை மகளைப் பார்த்தான். உறுதிமொழித் தாளை எடுத்து, நான்காகக் கிழித்து மேசைமேல் போட்டான். கல்யாணமான நாளாக அவன் குரல் உயர்ந்து திலகவதி கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"நான் எம்.எஸ்சி. கணக்குடி! டிகிரி படிச்சவன் கேள்வி கேப்பான், சங்கம் வைப்பான், எட்டாவது பெயிலுன்னு எழுதிக் குடுத்தாத்தான் கம்பெனி கேட்டுக்குள்ள விடுவேன், செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, எந்தங்கச்சிகிட்டகூடன்னு சத்தியம் வாங்கினவன் உங்கண்ணன்!"